பார்ஜெட்டர் வளைவு

"வேகத்தைக் குறைடா நார்மன், கரை வருது!" என்று படகின் முன்முனையிலிருந்து டெரிக் கத்தினார்.

"கரை அது பாட்டுக்கு இருக்கு. நீ பலகையைப் பாரு!" என்று பின்முனையிலிருந்து நார்மன் பார்ஜெட்டர் பதில் கொடுத்தார்.

பலகை தண்ணீரை ஒட்டி நின்றது. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து: பார்ஜெட்டர் வளைவு.

நார்மனின் தாத்தா இந்தக் கால்வாயில் நிலக்கரிப் படகு ஓட்டியவர். ஒரு படகோட்டியின் பெயரை வளைவுக்கே வைத்தார்கள் என்றால் அவர் எப்பேர்ப்பட்ட மனிதராக இருந்திருக்க வேண்டும்! இதைக் கேட்டுக் கேட்டு டெரிக்கின் காது புளித்துவிட்டது. "கண்ணால பாத்தாத்தான்டா நம்புவேன்" என்று அவர் ஒருநாள் சொல்லிவிட்டார். சொன்னது வேறு எதையும் பற்றியல்ல, குடும்பப் பெயரைப் பற்றி. விடலாமா? வார இறுதிக்கு நீளப் படகு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, டெரிக்கையும் அவர் மனைவி ஷீலாவையும் ஏற்றிக்கொண்டு நார்மன் கிளம்பிவிட்டார். காலையிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்யாண ஊர்வலம் மாதிரி, பாலத்துக்குப் பாலம் ஊதுகுழலை அலறவிட்டுக்கொண்டு வந்தார்.

இந்தப் படகுகளில், வலப்பக்கம் திரும்பச் சுக்கான் தடியை இடப்பக்கம் தள்ள வேண்டும். அதுவரை சரியாகத்தான் தள்ளினார். பலகையைக் கண்ட பூரிப்பில் கை மாறிவிட்டது. படகின் மூக்கு நேராகப் போய்ச் சேற்றில் செருகியது.

எதிர்க்கரையில் மதுவிடுதித் தோட்டம். சனிக்கிழமை மதியக் கூட்டம். எல்லோரும் கோப்பையோடு நாற்காலியைக் கால்வாய்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

"போட்டோவுக்காக நிறுத்தினேன்," என்றார் நார்மன், முதுகை வளைக்காமல்.

படகைப் பின்னுக்கு எடுக்கலாம் என்று விசையை முடுக்கினார். மூக்கு அசையவில்லை, வால் மட்டும் வீசிக்கொண்டு போய் எதிர்க்கரை நாணலில் புகுந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதுபோல், கால்வாய்க்குக் குறுக்கே படகு கச்சிதமாகப் பொருந்தி நின்றது.

"அந்த ஆளுங்கள ஒரு கை பிடிக்கச் சொல்லலாமே?" என்றாள் ஷீலா.

"பார்ஜெட்டர் வளைவுல ஒரு பார்ஜெட்டர் உதவி கேக்கறதா? எங்க வம்சத்துலயே அந்தப் பழக்கம் கிடையாதும்மா. டெரிக், கழியை எடு!"

டெரிக் நீளக் கழியைச் சேற்றில் ஊன்றி முழுப் பலத்தோடு தள்ளினார். படகு ஒரு சாண் நகர்ந்தது. டெரிக் நகரவில்லை. கழியைக் கட்டிக்கொண்டு அந்தரத்தில் நின்றவர், கம்பத்திலிருந்து கொடி இறங்குவதுபோல் மெல்ல இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்றார். தோட்டத்தில் கைத்தட்டல்.

"சிரிக்கறாங்கடா!"

"உற்சாகப்படுத்தறாங்க," என்றார் நார்மன். "ஷீலா, மதகு திறக்கற சாவியை எடுத்துக்கிட்டு ஓடு. கீழ் மதகைக் கொஞ்சம் திறந்துவிடு. தண்ணி ஓட ஆரம்பிச்சா, படகு அதோட சேர்ந்து நேராத் திரும்பிடும்."

"அட மூளையில்லாதவனே! மேல் மதகைத் திறந்து தண்ணியைச் சேர்க்கணும்டா. இருக்கறதையும் வெளிய விடச் சொல்றியே!"

"வளைவுக்கு என்ன உன் பேரா வச்சிருக்கு?"

டெரிக் தலையில் அடித்துக்கொண்டார். ஷீலா ஓடினாள். 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்று தெரியாததால் மதகை முழுக்கத் திறந்தாள். தண்ணீர் சலசலத்தது. படகு சிலிர்த்தது.

"பாத்தியா! பாத்தியாடா! ரத்தத்துல ஊறினது!" நார்மன் குதித்தே விட்டார்.

அடுத்த நொடி, அடியில் 'தொம்' என்றது. படகு தரை தட்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. உள்ளே தேநீர்க் கெண்டி உருண்டு உடைந்தது. மிதந்துகொண்டிருந்த வாத்துகள் எழுந்து நடந்தன. விடுதிக்கு முன்னால் கட்டியிருந்த படகுகளெல்லாம் வரிசையாகச் சாய, அவற்றின் கூரையிலிருந்த பூந்தொட்டிகள் ஒவ்வொன்றாகச் சேற்றில் விழுந்தன. இடுப்பளவு தண்ணீரில் நின்ற டெரிக், ஓரடிகூட எடுத்து வைக்காமலே, இப்போது கணுக்காலளவு தண்ணீரில் நின்றார்.

ஷீலா மதகை மூடிவிட்டு மூச்சிரைக்க வருவதற்குள், விடுதிக்கார அம்மா வினிஃப்ரெட் ஒரு துண்டோடு கரைக்கு வந்துவிட்டாள். எண்பதைத் தாண்டிய வயது. அவள் பின்னால் மொத்தத் தோட்டமும் நின்றது.

"படகோட்டறது யாருங்க? பேரு என்ன?"

டெரிக் முந்திக்கொண்டார். "ஸ்மித்துங்க!" பிறகு நார்மனை அண்ணாந்து பார்த்துக் கிசுகிசுத்தார்: "டேய், உங்க தாத்தா பேரைக் காப்பாத்தணும்னா வாயைத் திறக்காத."

நார்மன் சாய்ந்த படகின் மேல் சாயாமல் நின்றார். தொப்பியைச் சரிசெய்தார்.

"பேரை மறைக்கற குடும்பம் இல்லம்மா எங்களது. நான் நார்மன் பார்ஜெட்டர். அந்தப் பலகையில இருக்கறவரோட பேரன்."

தோட்டத்தில் ஒரே ஆரவாரம்! கோப்பைகள் உயர்ந்தன, சீழ்க்கை பறந்தது. ஒருவர் நாற்காலி மேலேறி, "பார்ஜெட்டர்! பார்ஜெட்டர்!" என்று கூவினார். மற்றவர்களும் கூடக் கூவினார்கள்.

டெரிக் சேற்றில் நின்றபடியே நண்பரை வியந்து பார்த்தார். "டேய்... நிஜமாவே பெரிய குடும்பந்தான்டா."

நார்மன் தொப்பியைக் கழற்றிக் கூட்டத்துக்கு வணக்கம் சொன்னார். கண் கலங்கியிருந்தது. "பாத்தியா டெரிக், பேருக்கு இருக்கற மரியாதையை!"

சிரித்துச் சிரித்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த வினிஃப்ரெட் சொன்னாள்: "இந்தக் கால்வாயில ஒழுங்காப் போனவங்க பேரை நாங்க எதுக்கும் வைக்கறதில்லீங்க, குறுக்கால மாட்டிக்கிட்டுத் தண்ணியை வத்த வச்சவங்க பேரைத்தான் வைப்போம்."