பட்டனுக்குத் தானியம் ஆகாது

"ஒரு பருக்கைகூட வாயில படக் கூடாதுப்பா. அரிசி, கோதுமை, ஓட்ஸ், எதுவும்."

"வேற என்னதாம்மா சாப்பிடும்?"

"கங்காருக் கறியும் பயறும் கலந்த தீனி. பையில இருக்கு. என்ன சாப்பிட்டுச்சு, எவ்வளவு சாப்பிட்டுச்சுன்னு தினமும் சாயங்காலம் எனக்கு ஃபோன் பண்ணிச் சொல்லணும்."

"உங்கம்மா தவறினப்பவே சொன்னேனா இல்லையா, இனிமே எந்த நாயையும் என் தலையில கட்டாதேன்னு?"

"இது உங்க நாய் இல்லப்பா, எங்க நாய். வீட்டுல கூரை வேலை முடியற வரைக்கும் ரெண்டு வாரம் பாத்துக்கங்க, போதும்."

மெல்பர்னிலிருந்து வந்து நாயை இறக்கிவிட்ட அன்று மகள் பெலிண்டா பேசிய பேச்சு நெவிலின் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. மருமகன் டேமியன் அன்று வீட்டுக்குள்ளேயே வரவில்லை. வாசலில் நின்று தும்மித் தீர்த்துவிட்டு, "வாட்டில் பூ, மாமா. ஒத்துக்கல" என்று காருக்குள் பதுங்கிவிட்டான். நெவில் இருந்த பெண்டிகோ ஊரில் வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்துக் கொட்டும் காலம். ஊரில் பாதிப் பேர் தும்மிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இரண்டு வாரம் ஐந்து வாரமானது. கூரை வேலை முடிந்தபாடில்லை.

சிக்கல் என்னவென்றால், நெவில் பேக்கரிக்காரர். கடையை விற்றுவிட்ட பிறகும், விடிவதற்குள் மாவு பிசையாவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. அவர் வீட்டு நாற்காலியைத் தட்டினால் மாவு பறக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் தானியம் ஆகாத நாய் வந்து சேர்ந்திருந்தது. காபிக்கொட்டை நிறம், பூனையைவிடச் சின்ன உருவம், பெயர் பட்டன்.

பட்டன் கங்காருத் தட்டை மோந்து பார்த்தது. பெருமூச்சு விட்டது. ரொட்டி அடுப்பின் முன்னால் போய்த் தியானத்தில் அமர்ந்தது.

"சாப்பிட மாட்டேங்குது பெலிண்டா."

"கையில வச்சு ஊட்டிப் பாருங்கப்பா."

ஊட்டினார். பட்டன் மரியாதையாக வாங்கிக்கொண்டு போய் அவருடைய செருப்புக்குள் வைத்தது.

கிறிஸ்துமஸுக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் பேசிக்கொண்டிருந்த அப்பாவும் மகளும் இப்போது தினமும் பேசினார்கள், எல்லாம் நாய்த் தீனியைப் பற்றி.

ரொட்டி வாசனைதான் நாயைக் கெடுக்கிறது என்று முடிவுகட்டி, நெவில் ரொட்டி சுடுவதை நிறுத்தினார். இப்போது வீட்டில் பட்டினி கிடப்பவர்கள் இருவரானார்கள். இருவரில் புத்திசாலியானது வேலிக்கு அடியில் குழி பறித்துப் பக்கத்து வீட்டு டல்சியிடம் போய்விட்டது. டல்சியின் ஓட்ஸ் பிஸ்கட் அந்தத் தெருவில் பிரபலம்.

"டல்சி! என் நாய்க்கு ஓட்ஸ் குடுத்தியா?"

"உன் நாயா? உன் மக நாய்னு சொன்ன?"

"அதான்... அவ நாய்க்கு."

"பசிச்ச மூஞ்சியோட வாசல்ல வந்து நின்னா நான் என்ன பண்றது? நீ நின்னாலும் குடுப்பேன்."

நெவில் நின்றார். டல்சி கொடுத்தாள்.

வயிறு நிறைந்த தெம்பில் வேலியை அடைத்தார். பட்டன் தெருக் கதவைக் கண்டுபிடித்தது. 'எனக்குத் தானியம் தராதீர்கள்' என்று அட்டையில் எழுதி அதன் கழுத்தில் மாட்டினார். தானியம்தானே கூடாது என்று தெருவே திரண்டு சீஸும் பன்றிக்கறியும் வறுத்த ஆட்டிறைச்சியும் வாரி வழங்கியது. இரண்டே நாளில் பட்டனின் வயிறு தரையைத் தொட்டுக்கொண்டு நடந்தது.

உடம்பு இளைக்கட்டும் என்று சனிக்கிழமை கடைத்தெருவுக்கு நடத்திக் கூட்டிப்போனார். அதுதான் தப்பாகப் போயிற்று. ஹார்டுவேர் கடை வாசலில், கால்பந்துக் குழுவுக்கு நிதி சேர்க்கிறோம் என்று கறி அடைத்த சாசேஜ் சுட்டு ரொட்டியில் மடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். தாடிக்காரர் ஒருவர் கையிலிருந்ததை எகிறிப் பறித்த பட்டன், சாசேஜைத் துப்பிவிட்டு ரொட்டியை மட்டும் தின்றது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"என்னங்க இது, சைவ நாயா?" என்றார் தாடிக்காரர்.

நெவில் பதறிப்போனார். நாயை அள்ளிக்கொண்டு கால்நடை டாக்டர் மொய்ராவிடம் ஓடினார்.

"அரிப்பு இருக்கா? காதுல சீழ்? பாதத்தை நக்கிட்டே இருக்கா?"

"இல்ல டாக்டர்."

"அப்புறம் தானியம் ஆகாதுன்னு யார் சொன்னது?"

"என் மக."

"அவங்க டாக்டரா?"

"கணக்கு டீச்சர்."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார். "நாய்க்குத் தானியம் ஒத்துக்காம போறது அபூர்வங்க. ஒவ்வாமைன்னு வந்தா, பெரும்பாலும் ஏதாவது ஒரு கறியாலதான் வரும். தானியத்தை எடுத்துட்டுப் பயறா நிரப்புற தீனியால சில நாய்க்கு இதயம் கெடுமோன்னுகூட ஒரு சந்தேகம் இருக்கு. காரணமில்லாம அது எதுக்கு? சின்ன நாய்க்கான சாதாரணத் தீனியே போடுங்க. எப்பவாவது ஒரு துண்டு ரொட்டி குடுத்தா குடி முழுகிடாது."

"அப்ப இதுக்கு என்னதான் வியாதி?"

"ஊரே செல்லம் குடுக்கற வியாதி."

நெவிலுக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி வரவில்லை. மறுநாள் பெலிண்டா வருகிறாள். தன் பேச்சை மீறினார் என்று தெரிந்தால் பட்டனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். விடியற்காலையில் காலடியில் ஒரு சின்னச் சூடு இல்லாமல் மாவு பிசைவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. நாயே வேண்டாம் என்று வீராப்புப் பேசிய வாயால் இப்போது எப்படிக் கேட்பது?

ஞாயிறு காலை, படபடப்பு அடங்கட்டும் என்று ரொட்டி சுட்டார். கார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. டேமியன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தோட்டத்திலேயே நின்றான். பெலிண்டா உள்ளே வந்து பட்டனை உற்றுப் பார்த்தாள்.

"மீசையில என்னப்பா வெள்ளையா?"

"நரை."

"அதுக்கு ரெண்டு வயசுதான் ஆகுது."

"கவலைம்மா. உங்க கூரையை நினைச்சு."

அந்த நேரம் பார்த்துப் பட்டன் சோபாவுக்கு அடியில் நுழைந்து, ஒளித்து வைத்திருந்த முழு பன்னைக் கவ்விக்கொண்டு வந்து பெலிண்டாவின் காலடியில் காணிக்கையாக வைத்தது.

நெவில் உடைந்துபோனார். "ரொட்டி தின்னுச்சும்மா. ஓட்ஸ் தின்னுச்சு. கங்காருவை மட்டும் தொடல. டாக்டர் ஒண்ணும் ஆகாதுன்னுட்டாங்க. நான் உன் பேச்சைக் கேக்கலதான். அதுக்காக..."

"அதுக்காக?"

பெலிண்டாவின் உதடு துடித்தது. கோபம்தான் என்று நினைத்த நெவில் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அதுக்காக இவனைக் கூட்டிட்டுப் போயிடாதம்மா. பட்டனை என்கிட்டயே விட்டுடு."

ஜன்னலுக்கு வெளியே பூந்தொட்டி அதிரும்படி ஒரு தும்மல்.

"அவர் வாயாலயே நாய் வேணும்னு கேட்டுட்டாரா? அப்பாடா!" என்றான் டேமியன். "மாமா, பட்டனை வாங்கினதே உங்களுக்காகத்தான். அதுக்கு எல்லாத் தானியமும் ஒத்துக்கும். எனக்குத்தான் சின்ன வயசுலேர்ந்து நாயே ஒத்துக்காது!"