நாற்கண் சாக்கெட்டோடு தாணுமாலையன் பொருத கதை

வாழ்க தாணுமாலையன்! தச்சநல்லூர்த் தகரக் கொட்டகையில் கோலோச்சும் ஆட்டோ எலக்ட்ரீஷியன், டெஸ்ட் பல்பை வேலெனத் தாங்கிய தடக்கையன், இடுப்பில் கட்டிங் பிளேயரும் காதிடுக்கில் பற்றவைக்காத பீடியும் தரித்த தகைசால் வீரன் வாழ்க! அவன் தொட்டால் ஊமை ஹாரன் அலறும், முறைத்தால் படுத்த டைனமோ எழுந்து சுழலும் என்று பொருநைக்கரை லாரிகளெல்லாம் புகழ்ந்துரைக்க, அப்புகழ் போதாதென்று தானும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லிக்கொள்ளும் தன்னிகரற்ற தலைவன் நீடு வாழ்க!

மின்சாரத்துக்கென்று தனியாக ஒரு தெய்வம் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தால் அதற்கும் ஒரு கும்பிடு. ஃபியூஸ் போனால் மெழுகுவத்தி தேடும் அளவுக்கே மின்னறிவு வாய்த்த அடியேன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்காம் ஆண்டு சித்திரை மாதத்து வியாழக்கிழமையொன்றில், காலை பத்து மணி தொடங்கி மாலை நான்கு மணிக்குச் சற்று முன்வரை நடந்த இப்பெரும்போரைப் பாடத் துணிந்தது, அத்தெய்வம் ஷாக் அடிக்காமல் காக்கும் என்ற ஒரே தைரியத்தில்தான்.

களம் இது. கொட்டகை முன்னே, மதயானை மண்டியிட்டாற்போல நின்றது ஒரு மீட்பு வண்டி. இரண்டாம் உலகப் போருக்கென்று கடல் கடந்து வந்து, எந்த எதிரியையும் காணாமலே ஓய்வுபெற்று, ஏலத்தில் விலைபோய், பாபநாசம் மலையில் தடிமரம் இழுத்து, முதுகில் கிரேன் முளைத்தபின், கவிழ்ந்த லாரிகளையும் படுத்த பஸ்களையும் கொக்கியில் மாட்டித் தூக்கிவரும் குலத்தொழிலை ஏற்றுக்கொண்ட இரும்புக் கிழவன். அதன் உடைமைக்காரி விக்கிரமசிங்கபுரத்து மாரித்தாய். புருஷன் விட்டுப்போன சொத்து இது ஒன்றுதான். அதன் ஓட்டுநர் சுடலைக்கண்ணு. பதினாறு ஆண்டுகளாக அந்த ஸ்டியரிங்கைத் தவிர வேறொன்றைப் பிடித்தறியாதவர். வயது ஐம்பத்தெட்டு. அந்த வண்டி போனால், இன்னொரு வண்டியில் அவரை ஏற்றிக்கொள்ள ஆளில்லை.

எதிரியோ உருவத்தில் சிறியவன். வண்டியின் வாலில், சங்கிலிக் கொக்கிக்குக் கீழே, ஸ்பிரிங் மூடியால் வாயை இறுக்கிக்கொண்டு, உள்ளே நான்கு ஓட்டைகளை நான்கு கண்களாக உருட்டிக்கொண்டு கிடந்த ஒரு சாக்கெட். இழுத்துவரும் வண்டியின் பின்புறம் ஒரு சிவப்பு விளக்குப் பலகையைக் கட்டி, அதன் வயரை இந்தச் சாக்கெட்டில் செருகினால் விளக்கு எரிய வேண்டும், பின்னால் வருகிறவன் மோதாமல் இருக்க வேண்டும். இதுவே அதற்கு விதிக்கப்பட்ட ஒரே கடமை.

அந்த ஒரே கடமையில்தான் அது தவறிற்று. சென்ற வாரம் சுடலைக்கண்ணு தன் குலசாமி கோயில் கொடைவிழாவுக்குப் போயிருந்த சமயம், மாற்று ஓட்டுநர் ஒருவர் வண்டியைத் தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோக, பிரேக் இன்ஸ்பெக்டர் பலகையைச் செருகச் சொல்லிப் பார்த்தார், எரியவில்லை. "அடுத்த வியாழக்கிழமை நாலு மணிக்கு எரியவிட்டுக் காட்டுங்க" என்று அவர் திருப்பி அனுப்பினார். மாரித்தாய் அன்றே ஒரு சபதம் செய்தாள்: "இன்னொரு வாட்டி இது திரும்பி வந்துச்சு, நேரா பழைய இரும்புக்காரர்ட்டப் போட்டுருவேன். இதுக்குப் பின்னால ஓடி எனக்கு ஓஞ்சு போச்சு."

இவ்வாறாக, வெள்ளி அரைஞாணில் பாதி அகலம்கூட இல்லாத நான்கு ஓட்டைகளின் மேல் ஒரு மனிதனின் வயிற்றுப்பாடு வந்து உட்கார்ந்தது.

போர் தொடங்குமுன் சுடலைக்கண்ணு பைய வந்து நின்று, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இந்த வண்டிக்குன்னு சில பழக்கம் உண்டு, அண்ணாச்சி. மொதல்ல நீங்க என்ன செய்யணும்னா..."

வீரனுக்கு யோசனை சொல்வதா! தாணுமாலையனின் மீசை துடித்தது. நிலம் நடுங்கவும் பக்கத்து டீக்கடை பாய்லர் அதிரவும் அவன் பிரகடனம் செய்தான்:

"ஓய் சுடலை! இது கரண்டு சமாச்சாரம். ஸ்டியரிங் பிடிக்கவரு ஸ்டியரிங்க மட்டும் பிடிக்கணும். நீரு அங்கன வேப்பமரத்தடியில போயி இரியும். நான் பேசச் சொல்லுத வரைக்கும் ஒரு வார்த்தை பேசினீரு, பிளேயரைக் கீழ போட்டுட்டு வீட்டுக்குப் போயிருவேன்வே, பாத்துக்கிடும்!"

அவன் போய்விட்டால் வண்டி போய்விடும். வண்டி போய்விட்டால் எல்லாம் போய்விடும். சுடலைக்கண்ணு மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார். வாயைத் துண்டால் துடைத்து மூடிக்கொண்டார். பண்டை முனிவர் எவரும் இத்தனை கறாராக மௌனம் காத்திருப்பாரா என்பது சந்தேகமே.

தாணுமாலையன் வண்டிக்குள் எட்டி, டேஷ்போர்டில் இருந்த விளக்குச் சுவிட்சின் குமிழை இழுத்தான். 'டக்' என்று வந்து நின்றது. திருப்தியோடு பின்புறம் வந்து, பலகையைச் செருகினான். இருள். வெயிலில் இருள் தெரியாதென்று உள்ளங்கையைக் குவித்துப் பார்த்தான். குவித்த கைக்குள்ளும் இருள்.

"ஏலே நாலு கண்ணா!" என்று முழங்கினான். "எம்டன் லாரிக்கே வயரிங் பண்ணுன கை இது! யாருட்ட ஒளிச்சு விளையாடுத?"

எம்டன் என்று ஒரு லாரி எந்த ஊரிலும் ஓடியதில்லை. ஆனால் போர்க்களத்தில் அதையெல்லாம் யார் சரிபார்க்கிறார்கள்.

முதல் நாழிகையில் உப்புத்தாளால் சாக்கெட்டின் நான்கு கண்களையும் தேய்த்தான். கொசுவின் கால் வழுக்கும் அளவுக்குப் பளபளத்தது. ஸ்பிரிங் மூடி சமயம் பார்த்துப் பாய்ந்து அவன் கட்டைவிரலைக் கவ்வியது. குருதி ஒரு சொட்டு. அந்த ஒரு சொட்டுக்கு அவன் கட்டிய துணியை விரித்தால் ஒரு குழந்தையைத் தூளியில் போடலாம். இரண்டாம் நாழிகையில், பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயரை எடுத்துச் சாக்கெட்டுக்குக் கொடுத்தான். பலகை பளீரென்று எரிந்தது! எனவே பலகை நல்லவன். சாக்கெட்டும் நல்லவன். பகை நடுவழியில் பதுங்கியிருக்கிறது. வண்டியின் வயிற்றுக்கடியில் ஓடும் வயர்களில்தான் வஞ்சகம்.

வண்டிக்கடியில் புகுந்தான். ஐயகோ, அங்கே கண்ட காட்சியை என்னென்பேன்! சாதாரண லாரியில் சிவப்பென்றும் பச்சையென்றும் மஞ்சளென்றும் வயர்கள் தம் குலம் கோத்திரம் சொல்லிக்கொண்டு ஓடும். பட்டாளத்து வண்டியிலோ அத்தனையும் கறுப்பு. நூல் சுற்றி, கீல் பூசி, ஒன்றுபோல் ஒன்று, பாதாள லோகத்துப் பாம்புக்கூட்டமெனப் பின்னிக் கிடந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு தகரச் சீட்டு. அதில் ஒரு எண். அந்த எண்களுக்குப் பொருள் சொல்லவல்ல புத்தகம் எந்தக் கண்டத்தில் எந்த மழையில் ஊறிக் கிடக்கிறதோ! நடுவே ஒரு சுண்டெலி தன் குடும்பத்தோடு குடியிருந்தது. அது வீரனை ஒரு கணம் உற்று நோக்கிவிட்டு, தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியது.

தாணுமாலையன் வெட்டினான். வேரோடும் வேரடி மண்ணோடும் வெட்டினான். புத்தம்புது வயர்களை மூவண்ணத்தில் வாங்கி வந்து, ஊர்ந்தும் உருண்டும் முதுகில் கிரீஸ் ஓவியம் எழுதிக்கொண்டும் இழுத்தான், கட்டினான், இன்சுலேஷன் டேப் சுற்றினான். சுண்டெலிக் குடும்பத்தை மட்டும் ஒரு சாக்குத்துண்டில் ஏந்தி வேலியோரம் விட்டான். மதியச் சோறு மறந்தான். மூன்றாவது டீ ஆறியது. மணி மூன்றானது.

செருகினான். இருள்.

குமிழின் சுவிட்சைச் சந்தேகிக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கேட்டார், டீ கொண்டுவந்தவர் கேட்டார். "அது பட்டாளத்துச் சாமான்வே. ஜெர்மன்காரன் குண்டுக்கே அசையாதது" என்று வீரன் விடையிறுத்தான். மேலும் அந்தச் சுவிட்சின் முதுகைப் பார்க்க வேண்டுமானால் டேஷ்போர்டுக்கடியில் தலைகீழாகத் தொங்க வேண்டும். தொப்பை தோன்றிய வீரர்க்கு அது தகாது.

மூன்றேகாலுக்கு மாரித்தாய் வந்தாள். உடன், டி.வி.எஸ். ஐம்பதில், பழைய இரும்புக்காரர். வந்தவர் வண்டியைக் கண்ணால் பார்க்கவில்லை. விரலால் தட்டிக் காதால் கேட்டார்.

"நல்ல இரும்புக்கா. இப்பமெல்லாம் இப்படி இரும்பு வராது."

"எரியுதாண்ணாச்சி?" என்றாள் மாரித்தாய்.

"எரியும்" என்றான் தாணுமாலையன், நிமிராமல்.

"நான் இப்பம் எரியுதான்னு கேட்டேன்."

வீரன் பலகையைப் பிடுங்கி மறுபடி செருகினான். மாரித்தாய் ஒரு பெருமூச்சு விட்டாள். கையிலிருந்த ஆர்.சி. புத்தகத்தை இரண்டு முறை புரட்டினாள். பிறகு மரத்தடியைப் பார்த்து, வழக்கத்துக்கு மாறான மெல்லிய குரலில் சொன்னாள்: "அண்ணே, ஒங்க சாமான் ஏதும் உள்ள கிடந்தா எடுத்துக்கிடுங்க."

சுடலைக்கண்ணு எழுந்தார். பேசக் கூடாதல்லவா? வண்டியின் உள்ளே கை காட்டி, பிறகு இரு கையும் கூப்பிக் காட்டினார்.

"சாமி படமா? எடுத்துக்கிடுங்கண்ணே" என்ற மாரித்தாய் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் மேலே ஏறினார். பதினாறு வருஷம் உட்கார்ந்த குழிவில் உட்கார்ந்தார். டேஷ்போர்டில் ஒட்டியிருந்த சுடலைமாடன் படத்தின் ஓரத்தை நகத்தால் பைய நிமிண்டினார். அப்போதுதான் படத்துக்குக் கீழே அந்தக் குமிழ் அவர் கண்ணில் பட்டது.

கேளுங்கள்! போர்க்காலத்தில், வானத்து விமானங்கள் கண்டுவிடாதபடி வண்டிகள் இருளிலேயே ஊர்ந்தன. ஆகவே அந்தக் குமிழுக்கு இரண்டு படி. முதல் இழுப்பில் எல்லா விளக்கும் மங்கி எரியும் மறைவிளக்கு. பின்சாக்கெட்டுக்குக் கரண்டு போகாது. பக்கத்திலுள்ள மிளகளவு பொத்தானை அமுக்கிக்கொண்டு இன்னொரு இழுப்பு இழுத்தால்தான் நிஜ விளக்கு. போன வாரம் வந்த மாற்று ஓட்டுநருக்கு அது தெரியாது. தாணுமாலையனுக்கும் தெரியாது. சுடலைக்கண்ணுவுக்கோ அது தெரியும் என்பதே தெரியாது. தினமும் அவர் விரல்கள் தாமாகச் செய்கிற காரியம் அது. காலையில் அவர் சொல்ல வாயெடுத்ததும், முதலில் மாடனைக் கும்பிட வேண்டும் என்பதைத்தான்.

அவர் குமிழைப் பார்த்தார். ஒரு படிதான் வந்திருந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்புறத்தைப் பார்த்தார். அங்கே, ஊழிக்காலத்து உருத்திரன்போல் கண் சிவந்து, கட்டைவிரல் கட்டோடு, முதுகெல்லாம் கிரீஸோடு, மண்டியிட்டு, ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியை ஓங்கிக்கொண்டிருந்தான் தாணுமாலையன்.

"ஏலே! இதுதான் கடைசி! எரியுதியா, இல்ல செத்துப் போறியா!"

மரப்பிடி இறங்கியது. பொத்தான் அமுங்கியது. 'டக்.'

எரிந்தது! உதயசூரியனும் நாணும்படி, பவளமலை பற்றியெரிந்தாற்போல, சிவப்பு விளக்குப் பலகை சுடர்விட்டு எரிந்தது! தாணுமாலையன் துள்ளி எழுந்து கொக்கியில் தலையை இடித்துக்கொண்டு, அதையும் பொருட்படுத்தாமல் ஆர்ப்பரித்தான்: "பாத்தியாக்கா! பாத்தியா! ஒரு அடி! ஒரே அடி! சாமானுக்கு அடிக்கத் தெரிஞ்சவன் அடிக்கணும்!"

இரும்புக்காரர் டி.வி.எஸ். ஐம்பதை உதைத்துக் கிளப்பினார். சுடலைக்கண்ணு வெறுங்கையோடு இறங்கி வந்தார்.

"படத்தை எடுக்கலையாண்ணே?" என்றாள் மாரித்தாய்.

அவர் தாணுமாலையனின் முகத்தைப் பார்த்தார்.

"இனி பேசும்வே!" என்று வீரன் வரமருளினான்.

சுடலைக்கண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டார். சொல்ல ஒரு செய்தி இருந்தது. அது நாக்கு நுனிவரை வந்ததும் உண்டு. அந்தக் கிரீஸ் முதுகையும், தூளிபோல் கட்டிய கட்டைவிரலையும், மூன்று ஆறிய டீக்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அது அங்கனயே இருக்கட்டும் தாயி" என்றார். "அண்ணாச்சி கை வச்சா எரியாம இருக்குமா?"

மூன்று ஐம்பதுக்கு, முழங்கும் எஞ்சினோடும், பின்னே பறக்கும் புழுதிக்கொடியோடும், படியில் தொங்கியபடி வழிநெடுக எதிர்ப்பட்ட சைக்கிள்காரர் அனைவருக்கும் வெற்றிச் செய்தி உரைத்த தாணுமாலையனோடும் அவ்விரும்புக் கிழவன் தகுதிச் சோதனை மைதானம் புகுந்ததும், பிரேக் இன்ஸ்பெக்டர் பலகையைச் செருகச் சொல்லி, எரியக் கண்டு, இன்னொரு முறை செருகச் சொல்லி, இன்னொரு முறையும் எரியக் கண்டு, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கையெழுத்திட்டதும், பொருநை சலசலத்து வாழ்த்த, பொதிகை முகில் கவிந்து வாழ்த்த, திசை எட்டும் நின்று வியந்ததும் நிற்க.

மறுநாள் சுடலைக்கண்ணு வேலைக்குப் போனார்.