நாலாயிரத்து எண்ணூறு புள்ளிக்காரர்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கு அடுத்தபடியாக இப்போது நன்றாகக் காய்க்கும் இனம் ஒன்று உண்டு. புள்ளிக்காரர். விவசாயிகள் கேள்வி கேட்டுப் பதில் எழுதும் இணையதளம்தான் அவர் குடியிருப்பு. படிப்பவர்கள் பிடித்த பதிலுக்குப் புள்ளி போடுவார்கள். புள்ளி கூடினால் பதில் மேலே ஏறும், குறைந்தால் இறங்கும், கழித்தல் புள்ளி விழுந்தாலோ கண்ணில் படாமல் மடங்கிவிடும்.

காமயகவுண்டன்பட்டி கோட்டைச்சாமியைப் பாருங்கள். ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை, நாலாயிரத்து எண்ணூறு புள்ளி. விடிந்ததும் தோட்டத்தைப் பார்க்குமுன் புள்ளியைப் பார்ப்பார்; ஏறியிருந்தால் இரண்டு இட்லி கூடுதலாக இறங்கும். 'என் இருபது வருச அனுபவத்தில்' என்று தொடங்கி, வாழ்நாளில் நட்டறியாத ஏலக்காய்க்கும் வைத்தியம் சொல்வார். கேள்வியை முழுதாகப் படிப்பாரா? படித்தால் முதல் பதில் எழுதுவது எப்படி? இவர் எழுதினால் கடமலைக்குண்டு வேல்பாண்டி புள்ளி போடுவார். அவர் எழுதினால் இவர். மாமன் மச்சான் மொய்ச் செய்முறைகூட இத்தனை ஒழுங்காக நடக்காது.

திராட்சை இலையில் மஞ்சள் திட்டு என்று யாரோ கேட்டதற்கு, 'சாம்பல் நோய், கந்தகம் அடிக்கவும்' என்று எழுதி நூற்று முப்பத்தாறு புள்ளி வாங்கினார். முனீஸ்வரி என்ற ஏழு புள்ளிப் பெண் அடியில் மறுத்து ஏதோ எழுதினாள். பாதிதான் படித்தார். ஒரு கழித்தல் போட்டார், வேல்பாண்டியும் போட்டார். அது மடங்கியது.

ஐப்பசி மழையில் அவர் பந்தலிலேயே மஞ்சள் திட்டு வந்தது. இரண்டு தடவை கந்தகம் அடித்தும் திட்டு பரவிக் கொத்துகள் பழுப்பேறின. வருசத்துச் சாப்பாடே அந்தப் பந்தல்தான். யாரிடமாவது கேட்கலாம். நாலாயிரத்து எண்ணூறு புள்ளிக்காரர் கேள்வி கேட்பதா? 'புதியவன்' என்று பொய்ப்பெயரில் நுழைந்து கேட்டார். ஐந்தே நிமிடத்தில் வேல்பாண்டி எழுதினார்:

"இதுக்குக் கோட்டைச்சாமி அண்ணன் அப்பவே சொல்லிட்டாக தம்பி. கந்தகம் அடிங்க." கூடவே அந்தப் பழைய பக்கத்தையும் இணைத்திருந்தார்.

தன் பதிலையே திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரின் தோளுக்கு மேலாக மனைவி உமாதேவி எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, கீழ ஒண்ணு மடிஞ்சு கெடக்கே. அதையும் தொறங்க."

"ஏழு புள்ளிக்காரி சொல்றதையா?"

"கொடிக்குத் தெரியுமாக்கும், யாருக்கு எத்தன புள்ளின்னு."

திறந்தார். 'இலையத் திருப்பிப் பாருங்க. அடியில வெள்ளையா பூத்திருந்தா அது செவட்டை நோய். கந்தகம் கேக்காது. போர்டோ கலவை அடிங்க.' இருவரும் தோட்டத்துக்கு ஓடி இலையைத் திருப்பினார்கள். அடியில் வெள்ளை. அன்றே கலவை அடித்ததில் பாதிக் கொத்தாவது தப்பியது.

கோட்டைச்சாமிக்கு நெஞ்சு நிறைந்துபோனது, அதில் பொய்யில்லை. தான் போட்ட கழித்தலை எடுத்துவிட விரல் நீண்டது. ஆனால் அந்தப் பதில் விரிந்தால் மேலே இருக்கும் தன் பதில் என்னாவது? விரலை மடக்கிக்கொண்டு, 'புதியவன்' கேட்ட கேள்விக்குத் தன் சொந்தப் பெயரில் புதுப் பதில் ஒன்று எழுதினார்: 'என் இருபது வருச அனுபவத்தில் சொல்கிறேன், முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள்.'

இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளி. அதில் ஒன்று முனீஸ்வரி போட்டது.

சிரிக்கிறீர்களா? சிரிக்குமுன், இதை எத்தனை பேர் ரசித்தார்கள் என்று பக்கத்தின் அடியில் உங்கள் கண் தேடியிருந்தால், உங்கள் பந்தலிலும் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்துவிடுவது நல்லது.