வலிக்காமல் பிடுங்கிய நாற்று

இது நடந்தபடியே எனக்கு நினைவிருக்கிறதா என்பது சந்தேகம்தான். பல் டாக்டர் இதைச் சொன்னபோது நான் அவருடைய நாற்காலியில் வாயைப் பிளந்தபடி மல்லாந்து கிடந்தேன். பாதி முகம் மரத்திருந்தது. குறுக்குக் கேள்வி கேட்க வழியில்லை. மீதியைச் சொன்னது அவருடைய மச்சினி. இருவரும் சொன்னதில் ஒத்துப்போகாத இடங்களில் மச்சினியை நம்பியிருக்கிறேன்.

டாக்டரின் மனைவி கணக்கு டீச்சர். பள்ளி விடுமுறையில் இரண்டு தட்டுகளில் தக்காளி விதை தூவி நாற்று வளர்த்திருந்தாள். ஜன்னலுக்குக் கீழே பாத்தியும் கட்டி வைத்திருந்தாள். ஒருநாள் காலை, அவள் எழுந்து வருவதற்குள் உதவி செய்துவிடலாம் என்று டாக்டர் முதல் தட்டு நாற்றைக் கையாலேயே பிடுங்கிவிட்டார். தண்டெல்லாம் கையோடு வந்தது. வேரெல்லாம் மண்ணிலேயே நின்றுவிட்டது.

டீச்சர் வந்தாள். தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

திட்டியிருந்தால் தேவலை. அவளுடைய திட்டு எங்கே தொடங்கும், அவருடைய அக்காக்களில் யாரைத் தொட்டுக்கொண்டு எங்கே போய் முடியும் என்பதெல்லாம் அவருக்குப் பழக்கம். மௌனத்துக்கு அப்படிக் கரை கிடையாது. அன்று முழுக்க அவள் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையசைப்பு, அதிலும் பாதி 'இல்லை'.

விடுமுறைக்கு வந்திருந்த மச்சினியிடம் தூது கேட்டார்.

"அக்கா ஏதாவது சொன்னாளாம்மா?"

"என்கிட்டயும்தான் பேச மாட்டேங்கறா, அத்தான். நீங்க பண்ணினதுக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்?"

"வேணும்னா பண்ணினேன்?"

"நாத்துன்னா பல்லு மாதிரின்னு நெனச்சீங்களா, இழுத்ததும் வர்றதுக்கு?"

டாக்டருக்குச் சுருக்கென்றது. பல்லையும் அவர் அப்படி இழுப்பவர் அல்ல.

இன்னொரு தட்டு மிச்சம் இருந்தது. அதை ஒரு வேர் அறாமல் பாத்தியில் நட்டுக் காட்டிவிட்டால் அவள் பேசிவிடுவாள். அதிலும் கோட்டை விட்டால், பள்ளி திறக்கும்வரை இந்த வீட்டில் கடிகாரம்தான் பேசும்.

முதலில் ஒரு கரண்டியை எடுத்துவந்தார். தட்டில் மண் காய்ந்து இறுகியிருந்தது, கரண்டி வளைந்தது. நிமிர்த்தப் போனார், காம்பு கழன்றது. அது டீச்சருக்கு அவள் அம்மா கொடுத்த கரண்டி என்பதை மச்சினி மெதுவாக எடுத்துச் சொன்னாள்.

டாக்டர் வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்தார். ஊர்வாயில் இருக்கிற வேரையெல்லாம் முறியாமல் எடுப்பவன், ஒரு தக்காளியிடமா தோற்பது?

மறுநாள் விடிந்ததும் கிளினிக்குக்குப் போய் ஒரு செட்டு கருவிகளைக் கொண்டுவந்தார். பல்லை நெம்பித் தளர்த்தும் மெல்லிய கருவி, இடுக்கி, நீளக் காம்புக் கண்ணாடி. தட்டில் தண்ணீர் தெளித்து ஊறவிட்டார். பழக்கதோஷம், கருவிகளைக் கொதிக்க வைத்தார். அந்தச் சூட்டோடு மண்ணில் இறக்கினார். முதல் வரிசை நாற்று நின்ற இடத்திலேயே வெந்து தலை சாய்ந்தது.

ஆறவைத்துத் தொடங்கினார். இந்த முறை இடுக்கியால் தண்டைப் பிடித்தார், தண்டு நசுங்கியது. கடைசியில்தான் வழி பிடிபட்டது. நெம்புகிற கருவியை வேருக்குப் பக்கவாட்டில் இறக்கி, லேசாக அசைத்து, இலை நுனியை விரலால் பிடித்துத் தூக்கினால், நாற்று தன் மண்ணையும் கட்டிக்கொண்டு முழுசாக வந்தது. கண்ணாடிக் காம்பால் பாத்தியில் ஒரு குழி. அதில் இறக்கி மண்ணை அணைத்தால் முடிந்தது.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலில் டீச்சர் நின்றிருந்தாள், குடி முழுகிப்போனவள் மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு. மறுநிமிடம் ஜன்னல் சாத்திக்கொண்டது.

நசுங்கியதைப் பார்த்திருப்பாள் என்று அவர் நொந்துபோனார்.

கிளினிக்குக்கு நேரமாகிவிட்டது. அவசரத்தில் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார். அங்கே பல்வலியோடு வந்த தையல்காரர் ஒருவர் ஏற்கெனவே நாற்காலியில் வாயைத் திறந்து வைத்திருந்தார். நர்ஸ் பையைத் திறந்தாள்.

"டாக்டர், இடுக்கியில வேர் ஒட்டியிருக்கு."

"நேத்து எடுத்த பல்லோடதா இருக்கும். கழுவும்மா."

"இலையும் இருக்கு, டாக்டர்."

தையல்காரர் வாயை மூடினார். எழுந்தார். செருப்பைத் தேடினார்.

"உட்காருங்க. இதோ கழுவிடுவாங்க."

"வலி போயிடுச்சு, டாக்டர்."

"வீக்கம் அப்படியே இருக்கே!"

"அது பிறவி வீக்கம்."

அவர் போனதும் நர்ஸ் பையை ஒரு விரலால் தள்ளிவிட்டாள். "இந்த செட்டு இனிமே தோட்டத்துலயே இருக்கட்டும், டாக்டர். இது திரும்ப உள்ள வந்துச்சுன்னா நான் வெளிய போயிடுவேன்."

இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று ஆனபிறகு டாக்டருக்கு ஒரு துணிவு வந்தது. அவள் பார்க்கட்டும், பார்த்தால்தான் மனம் இளகும். அடுத்த நாள் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கருவிகளை டிரேயில் வரிசையாகப் பரப்பி, ஜன்னலுக்கு நேர் கீழே உட்கார்ந்தார். தன் அக்கறை அவள் காதிலும் விழவேண்டும் என்று நாற்றோடு பேசவும் செய்தார்.

"பயப்படாதே. கொஞ்சம் அழுத்தமா இருக்கும், அவ்வளவுதான். அசையாதே... அசையாதே... ஆங், வந்துட்டான் பார்!"

ஒவ்வொரு வேரையும் ஜன்னல் பக்கம் உயர்த்திக் காட்டினார். உள்ளே டீச்சரின் கண்கள் நிறைந்திருந்தன. அவள் பின்வாங்கிப் போனாள். இளகுகிறாள் என்று நினைத்து டாக்டர் இன்னும் உரக்கப் பேசினார்.

தட்டு காலியானது. பாத்தியில் நாற்றெல்லாம் வகுப்பில் எழுந்து நிற்கும் பிள்ளைகள் மாதிரி நிமிர்ந்து நின்றன, ஒன்றுகூட வாடவில்லை. டாக்டர் தண்ணீர் தெளித்துவிட்டு, கோட்டை உதறிக்கொண்டு, மனைவியை அழைத்துக் காட்ட உள்ளே போனார். அறையில் ஆள் இல்லை. மச்சினி மட்டும் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா எங்கம்மா?"

"அடுத்த தெரு பல் டாக்டர்கிட்ட போயிருக்கா."

"அவன்கிட்ட என்ன வேலை?"

"கடைவாய்ப் பல்லு, அத்தான். நீங்க முதல் தட்டைப் பிடுங்கினீங்களே, அன்னைக்கு விடியறதுக்கு முன்னாலயே பிடிச்சிருக்கு. வாயைத் திறந்தா உயிர் போகுதாம். இன்னைக்குத்தான் என்கிட்டயே சொன்னா."

டாக்டர் மண் கையோடு நின்றார்.

"அப்போ நாத்துக்காகக் கோபம் இல்லையா?"

"கோபப்படத் தெம்பு எங்க இருக்கு அவளுக்கு?"

"நானும் பல் டாக்டர்தானேம்மா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் தினமும் ஜன்னல்கிட்ட வந்தா, அத்தான். நீங்க பிடுங்கற அழகைப் பார்த்துட்டு, தினமும் திரும்பிப் போயிட்டா."

டீச்சரின் பல் அடுத்த தெருவிலேயே போயிற்று. வாய் ஆறியதும் அவள் டாக்டரைத் திட்ட ஆரம்பித்தாள். அவருக்கு உயிர் வந்தது. மச்சினி விடுமுறை முடிந்து ஊருக்குப் போனாள். நர்ஸ் வேலையில்தான் இருக்கிறாள். தையல்காரர் இன்னும் இடது பக்கமாகவே மென்று சாப்பிடுகிறார். தக்காளி நன்றாகக் காய்த்தது.