பாரா நாற்காலி

எப்பேர்ப்பட்ட முன்னாள் படைவீரர் சங்கத்தையும் ஒரே வாரத்தில் இளமையாக்கிவிடலாம் என்பதும், அதற்குத் தகுதியான மனிதர் இப்போதைக்குப் பூமியில் ஒருவர்தான் என்பதும் வயர்லெஸ் கண்டுபிடித்த இரண்டு உண்மைகள். இரண்டாவது உண்மையைத் தன்னடக்கம் காரணமாக அவர் ஒரு நாளைக்கு நான்கைந்து தடவைக்கு மேல் சொல்வதில்லை.

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு இந்த ஹால் முழுக்க இளரத்தம் ஓடும். ஓடலைன்னா என் மீசையை எடுத்துடறேன்!" என்று சங்கத்து ஹாலின் நடுவில் நின்று முழங்கினார்.

"மீசை இருக்கட்டும் மாப்ள, மெதுவா பேசுங்க. ஆளுங்க தூங்கறாங்க" என்றார் சங்கத் தலைவர்.

தலைவர் வயர்லெஸுக்கு மாமனார். பீரங்கிப் படையில் இருந்ததால் எல்லாருக்கும் அவர் பீரங்கி. அவருடைய வலது காது அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. வயர்லெஸ், பெயருக்கேற்றபடி, படையில் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்துவிட்டு, முப்பத்துநான்கு வயதில் வெளியே வந்தவர். வந்ததிலிருந்து செய்வதற்கு உருப்படியாக ஒன்றும் கிடைக்காமல் வீட்டைக் காவல் காத்துவந்தார்.

சிக்கல் அன்று காலையில்தான் ஆரம்பித்தது. கழுத்தில் அடையாள அட்டையும் கக்கத்தில் ஃபைலுமாக ஓர் அதிகாரியம்மா வந்தார். தோளில் கிடந்த துணி டேப்பை எடுத்து ஹாலின் நீள அகலத்தை அளந்தார்.

"இந்தச் சங்கத்துல சின்ன வயசுக்காரங்க யாருமே இல்ல. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வருவேன். நாப்பது வயசுக்குக் கீழ இருபது பேராவது இருக்கணும். இல்லன்னா இடிச்சுட்டு வண்டி நிறுத்துற இடமாக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"அளக்குற டேப்பைக்கூடத் துணியில வாங்கிக் கொடுத்திருக்காங்க. அரசாங்கத்தோட சிக்கனத்தைப் பாருங்க" என்று வயர்லெஸ் மாமனாரிடம் சிரித்தார். பிறகு ஹாலைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

இரண்டு வரிசைப் பிரம்புச் சாய்வு நாற்காலிகள். அவற்றில் பதினைந்து பெரியவர்கள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். வாசலை ஒட்டி ஒரே ஒரு முதுகு நேரான மர நாற்காலி. அதில் படையில் சமையல்காரராக இருந்த ஒருவர் மட்டும் விழித்திருந்தார். அதற்குப் பெயர் பாரா நாற்காலி. முறை வைத்து ஒருவர் அதில் காவல் உட்காருவார், மற்றவர்கள் தூங்குவார்கள்.

வெளியே ஏதோ படாரென்று வெடித்தது.

"லாரி டயர்!" என்றார் சமையல்காரர்.

பதினைந்து பேரில் ஒருவரும் கண் திறக்கவில்லை.

"என்ன மாமா இது?"

"அதான் பாரா. சத்தம் வந்தா என்ன சத்தம்னு சொல்லணும்."

பக்கத்து வீட்டில் விசில் அடித்தது. "குக்கர்! ரெண்டாவது விசில்!"

"எதிரி யாரு, அந்தக் குக்கரா? மாமா, சிரிக்காம எப்படி இருக்கீங்க? ஊருக்கு நேர்முக வர்ணனை செய்யறதுக்கு ஒரு ஆளு, அதைக் கேட்டுத் தூங்கறதுக்குப் பதினைஞ்சு ஆளு! இதுக்குப் பேரு சங்கமா? என்னைப் பாருங்க. ராத்திரி மூணு மணி நேரம் தூங்கினா அதிகம். அதுவும் ஒரு கண்ணாலதான்!"

"தெரியும் மாப்ள. என் பொண்ணு சொன்னா. போன வாரம் பேப்பர் போடறவரைச் செவுத்தோட சேத்து மடக்கிட்டீங்களாமே."

"அவர் நடையில ஒரு சந்தேகம் இருந்துச்சு மாமா."

அன்று மாலையே வேலை தொடங்கியது. 'இளைய படை' என்று கைபேசியில் ஒரு குழு ஆரம்பித்து, படையை விட்டு வந்த சின்ன வயதுக்காரர்கள் நாற்பது பேரை அதில் சேர்த்தார். மரியாதைக்காகப் பெரியவர்களையும் சேர்த்தார். பெரியவர்கள் விடியற்காலை நான்கு மணியிலிருந்து ஆளுக்கொரு ரோஜாப்பூவுடன் காலை வணக்கம் அனுப்பினார்கள். ஐந்து மணிக்கு வயர்லெஸ் 'காலை ஐந்தரைக்கு அனைவரும் ஆஜர்' என்று அனுப்பினார்.

ஒருவர் பதில் போட்டார்: 'சார், இந்தக் குழுவிலிருந்து முறைப்படி ஓய்வு பெறணுமா, தப்பி ஓடினா போதுமா?'

மதியத்துக்குள் பாதிப் பேர் தப்பி ஓடிவிட்டார்கள்.

"பிரச்சினை புரிஞ்சுடுச்சு. இளைஞனுக்குத் தேவை உடற்பயிற்சி!" என்று வயர்லெஸ் துள்ளினார். சாய்வு நாற்காலிகள் பின்னறைக்குப் போயின. அந்த இடத்துக்கு வாடகையில் ஓர் ஓட்ட இயந்திரம் வந்தது. சாய்ந்துகொள்ள இடமில்லாத பெரியவர்கள் அதில் துண்டு காயப்போட்டார்கள்.

முன்பு டாங்கி ஓட்டி இப்போது பஸ் ஓட்டும் ஒருவர் மட்டும் எட்டிப்பார்த்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையம். இயந்திரத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"படையில சேர்ந்த நாள்லேர்ந்து ஓடினேன் சார். நின்னதே இப்பதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

"காபி! காபிதான் குறை!" என்றார் வயர்லெஸ். காபி இயந்திரம் வந்தது. பித்தானை அமுக்கியதும் லாரி மேடேறுகிற சத்தம் வந்தது. கூடவே சிறிது காபியும் வந்தது. மூன்று நாளாகத் தூக்கம் கெட்ட பெரியவர்கள் கேரம் ஆடும்போது ஸ்ட்ரைக்கரை ஒருவர்மேல் ஒருவர் குறிபார்த்தார்கள்.

"மாப்ள, இருந்த பதினைஞ்சு பேரும் போயிடுவாங்க போலிருக்கே" என்றார் பீரங்கி.

"கவலையே படாதீங்க! நாளைக்கு வியாழக்கிழமை, பெரிய வரவேற்பு. பலூன், பாட்டு, பலகாரம்! குடும்பத்தோட வாங்கன்னு வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டேன். அப்புறம் முக்கியமா, அந்தப் பாரா நாற்காலியைத் தூக்கிப் பின்னறையில போட்டாச்சு. புதுசா வர்றவங்க பார்த்தா நம்ம மானம் போயிடும்."

சமையல்காரர், பாரா முடிந்தவர் செய்வதுபோல விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. வீட்டுக்காரிகள் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்த இளைஞர்கள் இருபத்தைந்து பேருக்கு மேல். மேலே கொத்துக் கொத்தாகப் பலூன். வயர்லெஸ் மைக்கைப் பிடித்தார். கொண்டாட்டம் தலைக்கேறி, "காத்து வரட்டும்! ஃபேனை முழு வேகத்துல வைங்க!" என்று உத்தரவிட்டார்.

ஃபேன் சுற்றியது. ஒரு பலூன் மெல்ல ஆடி இறக்கையின் பக்கம் போனது.

படார்.

அடுத்த கணம் ஹாலில் மனைவிமார்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள்.

நீளமான பலகார மேசைக்கு அடியில் அரையிருட்டு. இளைஞர்கள் ஒருவர்மேல் ஒருவர் கிடந்தார்கள். பெரியவர்கள் அவர்களுக்கும் முன்னதாக அங்கே வந்திருந்தார்கள்.

"தம்பி, முழங்காலைக் கொஞ்சம் நகர்த்துங்க. அது என் விலா."

"மன்னிச்சுக்கங்க ஐயா."

"பரவால்ல. முதல் தடவையா? பழகிடும்."

யாரும் மூச்சுவிடவில்லை. அப்போது ஒரு மூலையிலிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது.

"பலூன்!"

மேசைக்கு அடியில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் மூச்சை விட்டார்கள். மேசைவிரிப்பே ஆடியது.

"யாரு சொன்னது?" என்றார் பஸ் டிரைவர்.

"நான்தான் தம்பி. இங்க பாரா இருந்தவன். ஒவ்வொரு சத்தத்துக்கும் பேர் சொல்லுவேன். மத்தவங்க நிம்மதியா தூங்குவாங்க. இப்ப என்னை எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்களா? எந்த மடையன் எடுத்தான்?"

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. எல்லாருக்கும் உள்ளே, சுவரோடு சுவராக, மைக்கைக் கட்டிப்பிடித்தபடி வயர்லெஸ் இருந்தார். மேசைக்கடியில் முதலில் வந்து சேர்ந்தவர் அவர்தான்.

"பேனா விழுந்துடுச்சு. எடுக்கலாம்னு வந்தேன்" என்றார்.

வரவேற்பு அதோடு முடிந்தது. இளைஞர்கள் நேராகப் பின்னறைக்குப் போனார்கள். பாரா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டார்கள். அப்புறம் சாய்வு நாற்காலிகள் வந்தன. ஓட்ட இயந்திரம் துண்டுகளோடு வெளியே போனது.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரைக்கு வயர்லெஸ் ஓடிவந்தார். ஹால் நிரம்பி வழிந்தது! நாற்காலி கிடைத்தவர்கள் நாற்காலியில், கிடைக்காதவர்கள் பாயில். இளைஞர்கள் மட்டும் முப்பது பேர். ஒருவர்கூட விழித்திருக்கவில்லை.

"காபி இயந்திரம் வேலை செய்யுது மாமா!" என்று வயர்லெஸ் கிசுகிசுத்தார்.

"அதை யாரும் போடவே இல்லையே மாப்ள."

சமையல்காரர் எழுந்து, "சார், ஒரு நிமிஷம் உட்காருங்க. கை கழுவிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பாரா நாற்காலி காலியாக இருந்தது. முப்பது பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வயர்லெஸ் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பிறகு நாற்காலியின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்தார்.

சரியாக மூன்று மணிக்கு அதிகாரியம்மா உள்ளே வந்தார். செருப்புச் சத்தம் கேட்டது.

"ஷ்ஷ்!" என்றார் வயர்லெஸ். "முப்பது பேர் இருக்காங்க மேடம். எண்ணிக்கங்க. ஆனா எழுப்பினீங்கன்னா நடக்கறதே வேற!"

அதிகாரியம்மா கால் விரலில் நடந்து எண்ணினார். பஸ் டிரைவரின் அருகில் வந்ததும் நின்றார். வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் கிடந்த துண்டை மடித்து அவர் கழுத்துக்கு அடியில் மெதுவாகச் செருகினார்.

தெருவில் ஏதோ தடாலென்று விழுந்தது.

"கடை ஷட்டர்!" என்றார் வயர்லெஸ். சொன்ன பிறகுதான் சொன்னது தான் என்பது அவருக்குத் தெரிந்தது. முப்பது பேரில் ஒருவரும் அசையவில்லை. அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. இப்போது முழு நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தார்.

"ஹால் உங்களுக்குத்தான்" என்றார் அதிகாரியம்மா.

வயர்லெஸுக்கு வெற்றி உரை தொண்டை வரை வந்தது. கேட்பதற்கு ஆள் விழித்திருக்கவில்லை. சமையல்காரர் திரும்பிவந்து அவர் தோளைத் தொட்டார்.

"பாரா மாத்தம். நீங்க போய்ச் சாயுங்க."

"எனக்கா? நான் மதியத்துல கண்ணே மூடமாட்டேன். அந்தப் பிரம்பு தொய்ஞ்சிருக்கான்னு மட்டும் பார்க்கறேன்."

பிரம்பைச் சோதிக்க உட்கார்ந்தார். நன்றாகச் சோதிக்கவேண்டி முதுகைச் சாய்த்தார். வெளியே ஏதோ உறுமியது. "மோட்டார் பைக்!" என்றது வாசல் குரல். வயர்லெஸின் மீசை மூச்சுக்கு மூச்சு சீராக ஏறி இறங்கத் தொடங்கியது.

பீரங்கி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதிகாரியம்மா கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி ஃபைலுக்குள் வைத்தார். பிறகு பீரங்கியின் நல்ல காதின் பக்கம் குனிந்தார்.

"என் வீட்டுக்காரரும் தூங்கிட்டாரு, உங்க மாப்பிள்ளையும் தூங்கிட்டாரு. நான் போய் என் தையல்கடையைத் திறக்கட்டுமா ஐயா, இல்ல, வேற யாருக்காவது அதிகாரியா வரணுமா?"