கத்தரிக்கோலும் ஆயிரத்து இருநூறு குதிரைகளும்

“அறுநூறு குதிரை. அதுக்கு மேல ஒரு குட்டிகூடக் கிடையாது,” என்று சொல்லி, பட்ஜெட் தாளின் அடியில் இரட்டைக் கோடு போட்டார் அவர்.

எஞ்சின் மெக்கானிக் தலையைச் சொறிந்தார். “உங்க வீட்டு அக்கா ஆயிரத்து இருநூறு ஹார்ஸ்பவர் கேட்டாங்களே சார்?”

“கேப்பாங்க. கேக்கறதுக்கு என்ன காசா பணமா?”

அலுவலகத்தில் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். தணிக்கைப் பிரிவு. யார் பயணச் செலவு கேட்டு வந்தாலும் பாதியை நறுக்கிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். வீட்டிலும் அதே கைதான்.

மனைவி ஸ்கூல் பஸ் டிரைவர். வாரம் முழுக்க நாற்பதைத் தாண்டாமல் ஊர்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை டிராக் ரேஸ் ஓட்டுவாள். வளைவே இல்லாத நேர்ப்பாதையில் கால் மைல் தூரம். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். போன வருஷம் முழுக்க அவள் பார்த்ததெல்லாம் முன்னால் போன காரின் பின்விளக்கைத்தான். அதனால்தான் இந்தப் புது எஞ்சின்.

“நீங்க சொன்னா சரிங்க,” என்று அவள் அறுநூறுக்கே தலையாட்டிவிட்டாள். அவள் சம்பளத்தை அவர் கேட்டதில்லை. அவர் பட்ஜெட்டில் அவள் மூக்கை நுழைத்ததில்லை. குடும்பம் அப்படித்தான் சண்டையில்லாமல் ஓடியது.

அடுத்த வாரம் உதிரிபாகக் கடையிலிருந்து போன்.

“சார், பெரிய டர்போ ஒண்ணு வந்திருக்கு. பாதி விலை. இன்னிக்கு ஒருநாள்தான்.”

“நாங்க கேட்டது சின்னதாச்சே?”

“சின்னதைவிட இது விலை கம்மி சார்.”

கத்தரிக்கோல் கையிலிருந்த பேனாவை அப்படியே போட்டார். அரை நாள் விடுப்புப் போட்டு ஓடினார். டர்போவைப் பச்சைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்து சேர்ந்தார்.

மெக்கானிக் அதைப் பார்த்ததும் பின்வாங்கினார். “இதை மாட்டினா தொள்ளாயிரத்தைத் தொடும் சார். நீங்க வாங்கி வெச்ச பிஸ்டன் தாங்காது. பானெட்டைப் பேத்துக்கிட்டு வெளியே வந்து உங்களை நலம் விசாரிக்கும்.”

“டர்போவைத் திருப்பிக் குடுத்துட்டா?”

“தள்ளுபடியில வாங்கினதை எவன் சார் திரும்ப எடுப்பான்?”

நல்லவேளையாக, அதே கடையில் அந்த வாரம் பிஸ்டனுக்குத் தள்ளுபடி. கனமான ரகம். வாங்கிப் போட்டார்.

“பிஸ்டன் தாங்கும் சார். அது உட்கார்ற எஞ்சின் பிளாக்தான் தாங்காது. ரெண்டாப் பிளந்துடும்.”

பிளாக்குக்கும் தள்ளுபடி வந்தது. இருந்ததிலேயே பெரிய பிளாக்குக்கு மட்டும். அதைப் போட்டதும் குதிரைகள் ஆயிரத்தைத் தாண்டின. பழைய பெட்ரோல் பம்ப், அத்தனை குதிரைக்கும் தண்ணி காட்ட முடியாமல் கையை விரித்தது. பம்ப்பை மாற்றினால், கியர்பாக்ஸ் முதல் கியரிலேயே பொடியாகிவிடும் என்றார் மெக்கானிக்.

“இதுவரைக்கும் எவ்வளவு மிச்சம் பிடிச்சிருக்கேன் தெரியுமா?” என்றார் அவர், மனைவியிடம். மிச்சம் பிடித்த தொகை பட்ஜெட்டையே தாண்டியிருந்தது.

“உங்க சாமர்த்தியம் யாருக்கு வரும்,” என்றாள் அவள், சட்னியைக் கிளறுவது போல அமைதியாகக் கிரீஸைக் குழைத்துக்கொண்டு.

மிச்சம் பிடிப்பதற்குப் பணம் வேண்டுமே. புது சோபா ரத்தானது. கடைவாய்ப் பல்லுக்குப் போடவேண்டிய உறை தள்ளிப்போனது. கடைசியில் ஸ்கூட்டரும் போயிற்று. பஸ் கட்டணம் எதற்கு என்று மனைவியின் ஸ்கூல் பஸ்ஸிலேயே அலுவலகம் போக ஆரம்பித்தார். குட்டி இருக்கையில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தவரைப் பக்கத்துச் சிறுமி பரிதாபமாகப் பார்த்தாள்.

“அங்கிள், நீங்க எத்தனை தடவை ஃபெயில்?”

“பின்னாடி யாரும் பேசக்கூடாது,” என்றாள் டிரைவர்.

பந்தய நாள் வந்தது. எஞ்சினைக் கிளப்பியபோது அவருடைய கடைவாய்ப் பல் தனியாக ஆடியது. ஆயிரத்து இருநூறு, சுளையாக. பச்சை விளக்கு எரிந்தது. புகை கலைந்து பார்க்கும்போது அவள் எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தாள். இந்த முறை பின்விளக்கைப் பார்த்தது மற்றவர்கள்.

கத்தரிக்கோலுக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டம் அவளைத் தூக்காத குறையாகச் சூழ்ந்துகொண்டது. வேடிக்கை பார்க்க வந்திருந்த உதிரிபாகக் கடைக் கேஷியரம்மா பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

“அறுநூறு குதிரைக்குப் போட்ட பட்ஜெட்மா. பேரம் பேசியே ஆயிரத்து இருநூறுக்குக் கொண்டுவந்துட்டேன்.”

கேஷியரம்மா ஒப்புக்குச் சிரித்துவிட்டுக் கூட்டத்தை எட்டிப் பார்த்தார்.

“மேடத்தை இப்பப் பிடிக்க முடியாது போல, நீங்களே சொல்லிடுங்க சார். உங்களுக்குக் குறைச்சுக் குடுத்த காசையெல்லாம் மேடம் அப்பப்ப முன்னாடியே வந்து கட்டினதுல கணக்கு நேராயிடுச்சு; அடுத்து உங்களுக்கு எதுல தள்ளுபடி போடணும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”