எதிர் ஜன்னல் ஜோடி

"ஒரு பட்டனுக்கு ரெண்டு காஜா எதுக்குங்க?" பேக்கரிக்காரர் சட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"ஒன்னு கிழிஞ்சா இன்னொன்னு இருக்கட்டுமேன்னுதான்" என்று சமாளித்தார் தையல்காரர்.

உண்மை வேறு. சாக்கட்டிக் கோட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு மங்கலாக இன்னொரு கோடு தெரிந்தது. பாவம், இரண்டுக்கும் மரியாதை கொடுத்துவிட்டார்.

இரண்டு கண்ணிலும் புரை எடுத்து மூன்று மாதம் ஆகிறது. டாக்டர் அப்போதே படித்துப் படித்துச் சொன்னார். "உங்க கருவிழி மேடும் பள்ளமுமா இருக்கு. தூரம், கிட்டம் எல்லாத்துக்கும் சேர்த்து வர்ற மல்டிஃபோகல் லென்ஸ் உங்களுக்குச் சரிப்படாது. சாதா லென்ஸ் வைக்கிறேன், ஊசி கோக்க மட்டும் கண்ணாடி போட்டுக்குங்க."

"கண்ணாடிய எங்க வச்சேன்னு கேட்டா, எடுத்துக் குடுக்க வீட்ல ஆள் இல்லையே டாக்டர்" என்று தையல்காரர் ஒற்றைக்காலில் நின்று, அந்த மல்டிஃபோகல் லென்ஸையே வைத்துக்கொண்டார்.

இப்போது போய்க் குறை சொல்ல வெட்கம். கடையில் வெளிச்சம் போதவில்லை என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, பெரிய பல்பு வாங்கி மாட்டினார். கோடுகள் இரண்டு இரண்டுதான். போதாக்குறைக்குப் பல்பைச் சுற்றி வளையம் வேறு. எரிச்சலில் அதைக் கழற்றி, மாடியில் தான் குடியிருக்கும் அறையில் மாட்டினார்.

அந்த அறை ஜன்னலில்தான் அவருடைய நாள் முடியும். எதிர் மாடிக்கு யாரோ புதிதாகக் குடிவந்திருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் அங்கே விளக்கின் முன்னால் இரண்டு உருவங்கள் ஒட்டி நிற்கும். முகம் தெரியாது. ஒருநாள் சும்மா கையசைத்துப் பார்த்தார். அங்கிருந்து இரண்டு கைகள் அசைந்தன. அதிலிருந்து தினமும் அப்படித்தான்.

அப்படி ஒரு ஒற்றுமை! ஒருவர் வலது கையைத் தூக்கினால் மற்றவரும் வலது கையைத் தூக்குவார். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவரும் மனைவியும் எதையும் அப்படிச் சேர்ந்தாற்போல் செய்ததில்லை. அவள் போய் நாலு வருடம் ஆகிறது. சண்டை போடக்கூட ஆளில்லாத வீடு அவரைத் தின்றது. கடை பூட்டிய பிறகு அந்தக் கையசைப்பு ஒன்றுதான் அவருக்குக் கிடைத்த பேச்சு.

"நேரா போய்க் கதவத் தட்டிப் பேச வேண்டியதுதானே?" என்றார், இதைக் கேட்ட பேக்கரிக்காரர்.

"ஜோடியா இருக்கிற வீட்ல ஒத்தையா போய் நின்னா, பாவம்னு பாப்பாங்க. அது வேண்டாம்."

ஆனால் அந்த 'பாவம்' ஏற்கனவே எதிர் மாடியிலிருந்து தன்மேல் விழுந்துவிட்டதோ என்று அவருக்கு அரிக்க ஆரம்பித்தது. யோசித்து யோசித்து ஒரு காரியம் செய்தார். கடையில் அளவு பார்க்கும் பெண் பொம்மையை மாடிக்குத் தூக்கிப்போய், யாரோ தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராத பூப்போட்ட கவுனை மாட்டி, பெரிய பல்பைப் போட்டு, தன் பக்கத்தில் நிற்க வைத்தார். கம்பீரமாகக் கையசைத்தார்.

எதிரே எந்தக் கையும் அசையவில்லை. மறுநாள் அங்கே விளக்கே எரியவில்லை.

பொம்மைக்குத் தொப்பி வைத்துப் பார்த்தார். கவுனை மாற்றினார். நான்கு நாளாகியும் எதிர் ஜன்னல் இருட்டாகவே கிடந்தது. கண்தான் மொத்தமாகப் போய்விட்டதோ என்று பயந்து, வெட்கத்தை விட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

கருவிழியைப் படமெடுக்கும் பெண் அவருடைய முகவாயை மெஷினில் வைக்கச் சொன்னாள். திரையில் வண்ணம் வண்ணமாகத் திட்டுகள் வந்தன.

"பாத்தீங்களா, எவ்வளவு மேடு பள்ளம்! உள்ள இருக்கிற லென்ஸ் வெளிச்சத்தத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடுது. ஆனா வாசல்லயே வெளிச்சம் கோணிப்போய்த்தான் உள்ள வருது. அதான் ஒன்னு ரெண்டாத் தெரியுது. பொழுது சாஞ்சா இன்னும் மோசம். பயப்படாதீங்க ஐயா, சரிபண்ண வழி இருக்கு."

தையல்காரர் முகவாயை எடுக்காமல் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, ஆளுங்க கூடவா ரெண்டாத் தெரிவாங்க?"

"தெரியாம? முந்தாநாள் இதே லென்ஸ், இதே கோளாறோட ஒரு அம்மா வந்து ஒரே அழுகை. 'எதிர்ல தையல்கடை மாடியில ரெண்டு பேர் தினமும் எனக்குக் கையாட்டுவாங்க, திடீர்னு நாலு பேர் ஆயிட்டாங்க, ஒண்டிக்கட்டை நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்க முன்னாடி நிக்கிறது'ன்னு வெளக்கையே போடறதில்லையாம்!"